டின்னில் அடைத்த பொய்

'எனர்ஜி டிரிங்க்' என்று பெயர் வைத்தவர்களின் தைரியமே தைரியம்! அதிலிருக்கும் காஃபீன் யாருக்கும் துளி சக்தி தருவதில்லை. (சர்க்கரை தருமே என்பவர்களுக்கு: பெட்டிக்கடை டீயும் தரும்.)

விழித்திருக்கும்போது செல்கள் ஏடிபியைச் செலவழிக்க, மிச்சமாக அடினோசின் என்ற பியூரின் நியூக்ளியோசைடு மூளையில் சேர்கிறது. தனக்கான ஏற்பிகளில் அது உட்கார்ந்ததும் கண் சொக்கும். காஃபீன் செய்வதெல்லாம் பஸ் சீட்டில் துண்டு போடுகிற வேலைதான். அடினோசின் இறங்கிப் போவதில்லை, பக்கத்திலேயே நிற்கிறது! காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரமாகும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி 10 மணிக்குக் குடித்தால் 3 மணிக்கும் பாதி உள்ளே. அப்புறம் துண்டு விலக விலக, நின்ற கூட்டம் மொத்தமும் உட்காருவது தேர்வு அறையில்தான்.

இப்படி விரட்டப்படும் அடினோசின் லேசுப்பட்டதல்ல. அது இதயத் துடிப்பைக் குறைப்பதை 1929-லேயே டுரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் காட்டிவிட்டார்கள். இன்றும் எஸ்விடி எனும் தறிகெட்ட துடிப்புக்கு, முதலில் 6 மில்லிகிராம் நரம்பில் வேகமாக ஏற்றுகிறார்கள். இதயம் சில நொடி நின்று, பெரும்பாலும் ஒழுங்குக்குத் திரும்புகிறது. நோயாளி காஃபீன் குடித்திருந்தால் அந்த அளவு பலிக்காமலும் போகலாம். இந்த வரியை எந்த டின்னில் அச்சடிப்பார்கள்?