கையாளாகவே காலம் போகக் கூடாது

"வயசு முப்பத்தஞ்சு ஆயிருச்சு சேர், இனிமே என்னத்த பழகுறது?" பின்னேரத்தில் சங்கக் காரியாலயத்துக்கு வரும் தம்பிமார் பலர் எங்களிடம் இப்படித்தான் கேட்கிறார்கள்.

தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போனவர்கள் தொழில் பழகாமல் இல்லை. மேசன் பாஸுக்குச் சீமெந்து குழைத்துக் கொடுத்தவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் தாங்களே சுவர் கட்டுகிறார்கள். ஆனால் எட்டு வருடம் போனாலும் கையாள் சம்பளம்தான். கூட்டிக் கேட்டால், "சேர்ட்டிபிக்கட் இருக்கா?" என்கிறார்கள்.

அதற்கு வழி இருக்கிறது. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை மூலம், ஒப்பந்தம் எழுதி வேலைத்தளத்திலேயே தொழில் பழகலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர் மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. செய்த வேலையின் படங்களையும் வேலை கொடுத்தவரின் கடிதத்தையும் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டினால் என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். ஆகவே இன்றிலிருந்தே படமும் கடிதமும் சேர்த்து வையுங்கள்.

போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போகவும் வேண்டாம். ஐந்து வருட சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். விலகல் கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கத்தில் இருக்கும் நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் பேர் வெட்டினால் ஒரு சந்தா குறையும். அதனாலேயே இந்தப் பேச்சைத் தள்ளி வைத்தோம். அது பிழை. தொழிலாளி முன்னேறுவதைப் பார்த்துப் பயப்படும் சங்கம் தொழிலாளியின் சங்கமாக இருக்க முடியாது.

வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர் சம்பளமில்லாமல் ஆறு மாதம் பழக முடியாது. மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார் பிள்ளையை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போகவும் முடியாது. ஆகவே பயிற்சி தமிழ்மொழியில் வேண்டும், தோட்டத்துக்குக் கிட்ட வேண்டும், பயிற்சி நாளுக்கு நாட்சம்பளத்துக்குக் குறையாத கொடுப்பனவு வேண்டும். பழகப் போனவரின் குடும்பத்தை லயன் வீட்டைச் சொல்லி மிரட்டவும் கூடாது.

சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கைகளும் இருக்க வேண்டும். அடுத்த தலைவர்மார் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் வேலை தெரிந்தும் கடதாசி இல்லாதவர்களின் பெயர்களை எழுதிக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.