பாடலைக் கண்டுபிடிப்பது இயந்திரம். நியாயம் சொல்வது யார்?



அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் செய்த எரிமலை மாதிரியை வீடியோ எடுக்கிறீர்கள். பின்னணியில் ஒரு திரைப்படப் பாடலைச் சேர்த்து இணையத்தில் ஏற்றுகிறீர்கள். சிறிது நேரத்தில், அப்பாடலுக்கு உரிமையாளர் உண்டு என்ற அறிவிப்பு வருகிறது. சில வேளைகளில் ஒலியே நிறுத்தப்பட்டு விடுகிறது. உடனே உங்களில் பலர் கேட்கும் கேள்வி, "எத்தனை நொடி போட்டால் பிடிபடாது?" என்பதாகும். இந்தக் கேள்வியே சரியானதன்று என்பது என் கருத்து.

முதலில், இயந்திரம் பாடலை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்று பார்ப்போம். எந்த ஒலியையும் பல அதிர்வெண்கள் கொண்ட எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்ட முடியும். இக்கணித முறைக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர் (1768–1830). பாடலைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்கள் வலிமையாக உள்ளன என்று குறித்துக்கொண்டால், வானத்து விண்மீன்களைப் போல ஒரு புள்ளிக் கோலம் கிடைக்கும். இதுவே பாடலின் கைரேகை. பாடல்களை இனங்காணும் 'ஷாஸாம்' என்ற முறை இவ்வாறுதான் செயல்படுகிறது என்று அதை உருவாக்கிய ஏவரி வாங் 2003-இல் விளக்கினார். யூடியூப் நிறுவனமும் 2007 முதல், ஏற்றப்படும் வீடியோக்களை உரிமையாளர்கள் அளித்த மாதிரிகளோடு ஒப்பிட்டு வருகிறது.

ஆனால், இயந்திரம் ஒப்பிடுவது அலைகளை மட்டுமே. ஒரு பாடலின் சுருதியை ஆராய்ந்து விளக்குவதற்காக அதன் சிறு பகுதியை எடுத்தாள்வது வேறு. வெறும் அலங்காரத்துக்காக அதைச் சேர்ப்பது வேறு. அலையோ இரண்டிலும் ஒன்றுதான்! நோக்கத்தை எந்த நிறமாலையும் காட்டாது.

இதனால் விளைந்த வேடிக்கைகளும் உண்டு. ஆஸ்திரேலியர் ஒருவர் 10 மணி நேர 'வெண் இரைச்சலை' 2015-இல் இணையத்தில் ஏற்றியிருந்தார். எல்லா அதிர்வெண்களும் சம வலிமையில் கலந்த வெறும் இரைச்சல் அது. அதற்கும் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்தன என்று 2018-இல் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில், பியானோக் கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்துப் பேஸ்புக்கில் ஏற்றிய பாக்கின் இசையில் 47 நொடிகள் ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று கோரப்பட்டு, ஒலி நிறுத்தப்பட்டது. பாக் மறைந்ததோ 1750-இல்!

அப்படியானால் இயந்திரத்தை ஏமாற்றுவதில் தவறில்லை என்று எண்ணாதீர்கள். சுருதியைச் சற்று உயர்த்தியோ வேகத்தை மாற்றியோ தப்பித்துக்கொண்டாலும், பாடல் உங்களுடையதாகி விடாது. பத்து நொடி வரை தடையில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. தனிப்பட்ட ஆய்வு, விமரிசனம் போன்றவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள அது இடம் தருகிறது. எது நியாயமான அளவு என்பதை மனிதர்தாம் சிந்தித்துத் தீர்மானிக்க வேண்டும். பாடலின் பின்னே பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், வாத்தியக் கலைஞர் எனப் பலரின் உழைப்பு இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வருவாயில் பங்கு பெற 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். இசைப் படைப்புக்கு உரிமை ஒன்று. ஒலிப்பதிவுக்கு உரிமை மற்றொன்று. நம் நாட்டில் முன்னது, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும், பின்னது வெளியிட்டு 60 ஆண்டுகள் வரையும் நீடிக்கும். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனையை நீங்கள் பாடிப் பதிவு செய்யலாம். இன்றைய பாடகர் ஒருவரின் ஒலிப்பதிவை எடுத்துப் போட அனுமதி வேண்டும்.

ஆகவே, "பிடிபடுமா?" என்று கேட்பதை விடுத்து, "இது யாருடையது? எனக்கு எதற்கு வேண்டும்? அனுமதி உண்டா?" என்று கேட்கப் பழகுங்கள். பிறர் பயன்படுத்தலாம் என்று படைத்தவர்களே அனுமதித்து வெளியிட்ட இசை ஏராளமாக உள்ளது. அதன் நிபந்தனைகளைப் படித்து, உரியவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். இன்னும் சிறந்த வழி, நீங்களே இசை செய்வது. ஆறு கண்ணாடிக் கிண்ணங்களில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றித் தட்டினால் ஜலதரங்கம் தயார். ஒலியியல் பாடமும் கூடவே வரும்.

அவ்வாறு நேர்மையாகச் செய்த பின்னும் இயந்திரம் உங்கள்மேல் குற்றம் சாட்டினால், அஞ்சி வீடியோவை அழித்துவிட வேண்டாம். காரணம் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நாம்தான் ஏற்க வேண்டும்.