காசநோய் அல்ல, கல்தூசி

கிரஷரிலும் கிரானைட் பட்டறையிலும் பல ஆண்டுகள் உழைத்தவர் இருமலும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்குப் போனால், பல நேரங்களில் காசநோய் மாத்திரையோடுதான் திரும்புகிறார். ஆறு மாதம் விழுங்கியும் இரைப்பு அடங்குவதில்லை. ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால், அது கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற சந்தேகமாவது முதல் நாளே வந்திருக்கும்.

தொழிலாளி வாயில் கட்டும் துண்டு கண்ணில் படும் தூசியைத்தான் தடுக்கும். ஆளைக் கொல்வது கண்ணில் படாத தூசி. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைவிடச் சிறிய, கல்தூசியில் உள்ள சிலிகாத் துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடுகிறது. அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் மடிகின்றன. வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்கி, அதுவும் மடிகிறது. இந்தச் சாவுகள் மூட்டும் அழற்சியை ஆற்ற உடல் நார்த்திசுவைச் சுரந்துகொண்டே இருக்க, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் இது ஓயாமல் தொடரலாம். தழும்பேறிய நுரையீரலில் காசநோயும் எளிதில் தொற்றும் என்பதால் மருத்துவரின் குழப்பம் இன்னும் கூடுகிறது.

உளி பிடித்த கைகளில் இன்று அறுக்கும் மெஷின். வேலை விரைவாக முடிகிறது; தூசியும் பல மடங்கு பறக்கிறது.

மருந்து இல்லையா? நின்டெடானிப் என்ற மாத்திரையை, தொடர்ந்து முற்றும் நுரையீரல் தழும்பு நோய்களுக்கு அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. அது தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது. மிச்சமிருப்பது நுரையீரல் மாற்று அறுவை. தினக்கூலிக்காரருக்கு அது எட்டாக் கனி. ஆராய்ச்சி வேகம் பிடிக்கட்டும். ஆனால் மருந்து வரும்வரை தூசி பறக்கட்டும் என்று எந்த அரசும் கைகட்டி நிற்கக் கூடாது.

சிலிகோசிஸ் கண்டறியப்பட்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தக் கூலிக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது? ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் அறிவித்தது. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல் இளம் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் வசதி இல்லையென்றால் உரிமம் தரக் கூடாது. முதலாளியின் செலவில் ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காசநோய்ப் பதிவு அட்டையில் நோயாளியின் தொழிலைக் கட்டாயம் எழுத வேண்டும். இந்த மூன்றுக்கும் புதிய மருந்து எதுவும் தேவையில்லை. மாநில அரசுகள் இன்றே ஆணையிட வேண்டும்.