ஃபேன் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை துடைச்சுப் பாருங்க

போன ஏப்ரல்ல நான் 3,450 ரூபாயைத் தேவையே இல்லாம செலவு பண்ணேன். என்ன நடந்ததுன்னு மொதல்ல சொல்லிடறேன்.

மந்தைவெளியில வாடகை வீடு. ஃபேனை 5-ல வெச்சாலும் காத்து வரல. "மோட்டார் போச்சு"ன்னு நானே முடிவு பண்ணி, சனிக்கிழமை தி.நகர் போய் 3,200 ரூபாய்க்கு ஒரு பிஎல்டிசி ஃபேன் வாங்கிட்டேன். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பழசை இறக்கிப் பார்த்துட்டு, "தம்பி, மோட்டார் நல்லாத்தானே இருக்கு? இறக்கையைத் துடைச்சு, கண்டென்சரை மாத்தியிருந்தா போதுமே"ன்னார். அவர் கூலி 250. அந்தப் பழைய ஃபேன் இப்போ ஹால்ல ஜம்முனு ஓடுது.

என் கருத்து இதுதான்: காசே செலவில்லாத ஒரு சோதனையைப் பண்ணாம, 3,000 ரூபாய் முடிவை எடுக்காதீங்க.

நம்ம ஊர் அழுக்கு சும்மா தட்டினா போகாது

அடையாறு, மயிலாப்பூர் பக்கம் கடல் காத்துல ஈரமும் உப்பும் இருக்கும். லஸ், பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து தூசிக்குப் பஞ்சமே இல்ல. கூடவே நம்ம வீட்டுத் தாளிப்புப் புகை, ஊதுபத்திப் புகை. எல்லாம் சேர்ந்து இறக்கையோட முன் விளிம்புல பிசுக்கா படியும். காத்தை வெட்டித் தள்ள வேண்டிய விளிம்பே மொத்தையாயிட்டா ஃபேன் சுத்தும், காத்து வராது.

துடைச்சா கரண்ட் பில் குறையுமா?

நிறைய வீடியோல "பாதி பில் மிச்சம்"னு சொல்வாங்க. நம்பாதீங்க. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். துடைச்சாலும் கிட்டத்தட்ட அதேதான். மிச்சம் வேற இடத்துல இருக்கு. காத்து நல்லா வந்தா ஏசியை 24-க்குப் பதிலா 26-ல வெக்கலாம். ஒரு டிகிரி ஏத்தினா ஏசி கரண்ட்ல சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட பிஇஇ சொல்லுது.

சரி, பிஎல்டிசி வாங்கினா? அது சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாச பில்லுல 45 யூனிட்டுக்குப் பதிலா 18. அதாவது 27 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய்னு வெச்சா 162 ரூபாய், வருஷத்துக்கு 972. போட்ட 3,000 திரும்பி வர மூணு வருஷம் ஆகும். உங்க வாடகை அக்ரிமென்ட் எத்தனை மாசம்? பதினொண்ணு! தனியா இருந்து, உங்க மீட்டர் இலவச யூனிட் வரம்பைத் தாண்டலைன்னா மிச்சம் பூஜ்யம்.

நாள் முழுக்க ஃபேன் ஓடுற சொந்த வீடா? தாராளமா பிஎல்டிசி வாங்குங்க, நல்ல முதலீடுதான். வாடகை ரூம்ல, ராத்திரி மட்டும் ஓடுற ஃபேனுக்கு அவசரப்பட வேண்டாம்.

எப்படித் துடைக்கிறது?

* சுவிட்சை மட்டும் நம்பாம எம்சிபியையும் ஆஃப் பண்ணுங்க. ஆடாத ஸ்டூல் அல்லது ஏணி மேல ஏறுங்க, கீழ ஒரு ஆள் பிடிச்சுக்கட்டும். ஆபீஸ் சக்கர நாற்காலி மேல ஏறாதீங்க. 20 நிமிஷ வேலைக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் க்ளெய்ம் தேவையா?
* பழைய தலையணை உறையை இறக்கைல மாட்டி, அழுத்திப் பிடிச்சு வெளிய இழுங்க. தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில்ல கொட்டாது.
* வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட். துணியை நல்லாப் பிழிஞ்சு துடைங்க. சமையலறைப் பக்கத்துப் பிசுக்குக்கு கொஞ்சம் சமையல் சோடா சேருங்க. கடைசியா காய்ஞ்ச துணி.
* மோட்டார்ல தண்ணி படக் கூடாது. இறக்கையை ஒரு கையால தாங்கிப் பிடிங்க; வளைஞ்சா ஃபேன் ஆட ஆரம்பிச்சிடும்.
* பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. அடுத்த வாரமே ரெண்டு மடங்கு தூசி ஒட்டும்.

துடைச்ச பிறகும் மெதுவா சுத்துதா? கையால தள்ளி விட்டாத்தான் கிளம்புதா? பெரும்பாலும் கண்டென்சர்தான். எலக்ட்ரிகல் கடைல நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். எலக்ட்ரீஷியனை வெச்சே மாத்துங்க.

"என் டைமுக்கு மதிப்பு இல்லையா?"

நண்பர் ஒருத்தர் கேட்டார்: "என் சம்பளத்தை மணிக்கணக்குல பிரிச்சா 400 ரூபாய் வருது. நான் ஏன் ஃபேன் துடைக்கணும்? ஆப்ல ஆள் கூப்பிட்டா முடிஞ்சது." கணக்கு சரிதான், ஒரு நிபந்தனையோட: அந்த ஒரு மணி நேரத்தை உங்ககிட்ட யாராவது 400 ரூபாய்க்கு வாங்கணும். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு யார் வாங்குறா? ரீல்ஸ்தானே பார்த்துட்டு இருப்போம்! முதுகு வலி இருக்கு, உயரம்னா பயம்னா ஆளைக் கூப்பிடுங்க, தப்பே இல்ல. சோம்பலுக்கு மட்டும் "டைம் வேல்யூ"ன்னு பேர் வெக்காதீங்க.

இந்த 3,000 ரூபாயை எஸ்ஐபில போட்டா கோடீஸ்வரன் ஆயிடலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஃபேன்ல பண்ற அதே தப்பைத்தான் ஸ்லோவான லேப்டாப்லயும், மைலேஜ் குறைஞ்ச பைக்லயும், சூடாகிற போன்லயும் பண்றோம். மொதல்ல சுத்தம் பண்ணிப் பார்க்கிறதில்ல, நேரா இஎம்ஐக்குப் போயிடறோம்.

ஆயுத பூஜைக்கு பைக்கைத் துடைச்சுப் பொட்டு வெக்கிறோம் இல்ல? ராத்திரி முழுக்க நமக்காகச் சுத்துற ஃபேனையும் அந்த லிஸ்ட்ல சேருங்க. அப்புறம் போகிக்கு ஒரு தடவை, சித்திரை வெயிலுக்கு முன்னாடி ஒரு தடவை. வருஷத்துக்கு மூணு ஞாயித்துக்கிழமை, அவ்ளோதான்.

இன்னைக்கு ராத்திரி படுத்துட்டு ஒரு நிமிஷம் மேல பாருங்க. இறக்கை விளிம்பு கறுப்பா தெரிஞ்சா, இந்த வாரக் கடைசிக்கு வேலை இருக்கு. துடைச்சதும் வித்தியாசம் தெரிஞ்சுதா இல்லையான்னு கமெண்ட்ல சொல்லுங்க.