மலைநாட்டில் மனோதத்துவம்

நீலகிரி என்றதும் நம்மவர்களுக்கு உதகமண்டலமும் குன்னூரும் நினைவுக்கு வருகின்றன. பந்தலூர் நினைவுக்கு வருவதில்லை. ஜில்லாவின் மேற்குக் கோடியில், கேரளத்து வயநாட்டை ஒட்டி, மழையிலும் மூடுபனியிலும் நனைந்து கிடக்கும் சின்ன ஊர் அது. சுற்றிலும் தேயிலை; தேயிலைக்கு அப்பால் காடு; காட்டிலிருந்து தேயிலைக்குள் அடிக்கடி விஜயம் செய்யும் யானைகள். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் பி.ஏ. தேறிவிட்டாள். மனோதத்துவத்தில் எம்.எஸ்ஸி. படித்தே தீருவேன் என்கிறாளாம். "அது என்ன படிப்பு? படித்தால் பிழைப்பு உண்டா? 'பைத்தியத்துக்குப் படித்தவள்' என்று ஊரார் பரிகாசம் செய்தால் நான் எந்த முகத்தோடு கலியாணம் பேசுவேன்?" என்று கேட்கிறார்.

கேள்விகள் நியாயமானவை. இதே கேள்விகளை வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "பி.எட். படி, அம்மா, போதும்" என்று சொல்லிவிடும் தகப்பனார்கள் தமிழ் நாட்டில் எத்தனையோ பேர். ஆகையால் பதிலை இங்கேயே எழுதுகிறோம்.

பரிகாசத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மனத்தை ஆராய்வதற்கென்று முதல் பரிசோதனைச் சாலையை ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் நிறுவியது 1879ல். அதே வருஷத்தில் பந்தலூர், தேவாலா மலைகளில் தங்கம் இருக்கிறதென்ற செய்தி பலமாகக் கிளம்பிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. இரண்டு மூன்று வருஷங்களில் எல்லாம் படுத்துவிட்டது. லைப்சிக்கில் ஆரம்பித்த வேலையோ உலகத்தின் சர்வகலாசாலைகளில் எல்லாம் வேரூன்றிவிட்டது. எது பைத்தியக்காரத்தனம் என்பதை ஊரார் தீர்மானித்துக்கொள்ளட்டும்!

இன்னும் ஒன்று. இந்தச் சாஸ்திரம் நீலகிரிக்குப் புதிதல்ல. 1901-02ல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் உதகைப் பக்கத்து மந்துகளில் தோடர்களிடையே சில மாதங்கள் தங்கி, அவர்களுடைய கண், மூக்கு, தோல் இவற்றின் கூர்மையை முறையாகச் சோதித்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக் குறிகள் உட்புறமாகவும் மற்றதில் வெளிப்புறமாகவும் இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் தோன்றும். இந்தக் கண் மயக்கத்தில் படித்த ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆதிக்குடிகளுக்கு மிருகத்தைப் போன்ற கூர்மையான புலன்களும் மந்தமான புத்தியும் உண்டு என்று அந்நாளில் வெள்ளையர் பலர் எழுதிக் கொண்டிருந்தார்கள். ரிவர்ஸின் அளவைகள் அந்தக் கட்டுக்கதைக்கு இடம் தரவில்லை. முடிவுகள் 1905ல் பிரிட்டிஷ் மனோதத்துவப் பத்திரிகையில் வெளிவந்தன. இதே ரிவர்ஸ்தான் பிற்பாடு முதல் மகாயுத்தத்தில், குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களுக்கு எடின்பரோ அருகில் ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சினாலேயே சிகிச்சை செய்தவர்.

இந்தியர்கள் இந்தத் துறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1916ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பரிசோதனை மனோதத்துவத்துக்குத் தனிப் பகுதி ஏற்பட்டது. அமெரிக்காவில் ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைவர். முதுகலை வகுப்பாகவே அது தொடங்கிற்று. அங்கே 1921ல் டாக்டர் பட்டம் பெற்ற கிரீந்திரசேகர போஸ் என்ற வங்காளி வைத்தியர் வியன்னாவிலிருந்த பிராய்டுக்குக் கடிதம் எழுதி, "தாங்கள் சொல்வது இந்த இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை" என்று சரிசமமாக வாதம் செய்தார். அடிமை நாட்டுப் பிரஜை ஒருவர் அவ்விதம் செய்தது நமக்கு இன்றைக்கும் பெருமை தருகிறது. 1924ல் மைசூரில் கோபாலஸ்வாமி தலைமையில் இன்னொரு பகுதி ஏற்பட்டது. (1935ல் தம்முடைய வீட்டிலேயே சின்ன ரேடியோ நிலையம் அமைத்து 'ஆகாசவாணி' என்ற பெயர் விளங்கச் செய்தவரும் இந்த மனோதத்துவப் பேராசிரியரே!) சென்னைச் சர்வகலாசாலையில் 1943ல் ஜி. டி. போவாஸ் தலைமையில் இத்துறை பிறந்தது. ஆக, தமிழ் நாட்டில் இந்தப் படிப்புக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.

நிற்க. பெண் என்ன படிக்கப் போகிறாள்? கனவுக்குப் பலன் சொல்லவும், எதிரே இருப்பவர் மனத்திலுள்ளதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கவும் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நம்பிச் சேருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதல் பருவத்திலேயே புள்ளிவிவரக் கணக்கு காத்திருக்கிறது. எத்தனை பேரை விசாரித்தால் ஒரு முடிவை நம்பலாம், இரண்டு விஷயங்கள் கூடவே நிகழ்வதனால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்றெல்லாம் இரண்டு வருஷமும் மூளையைக் கசக்க வேண்டும். ஞாபகம், கவனம், குழந்தை வளர்ச்சி, மனக் கோளாறுகள், ஆலோசனை சொல்லும் முறை ஆகிய பாடங்கள் உண்டு. பரிசோதனைச் சாலையில் நேரத்தை நொடிப் பங்குகளாக அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ சில காலம் பயிற்சி பெற வேண்டும். கடைசியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற பிள்ளைகளை இதில் தள்ள வேண்டாம்.

பிழைப்பைப் பற்றிய கேள்விக்குத் தான் சற்று விஸ்தாரமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதிலேதான் ஏமாற்றம் அதிகம். எம்.எஸ்ஸி. முடித்ததும் பலகை மாட்டிக்கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை செய்யலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது கூடாது. 1992ம் வருஷத்து இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, அந்தக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களே சிகிச்சை மனோதத்துவர் என்று தொழில் நடத்தலாம். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு பெறுவதற்கு எம்.ஏ., எம்.எஸ்ஸி.க்கு மேல் இரண்டு வருஷ எம்.ஃபில். பயிற்சி வேண்டுமென்பதே நெடுநாள் ஏற்பாடு. பெங்களூரில் 1954ல் அகில இந்திய மனநல ஸ்தாபனமாக ஆரம்பித்து இப்போது நிம்ஹான்ஸ் என்று வழங்கும் நிலையம் இந்தப் பயிற்சிக்குப் பேர் போனது. ஆனால் 2022ல் மானியக் குழு எம்.ஃபில். என்ற பட்டத்தையே எடுத்துவிட்டது. இந்தத் துறைக்கு 2025-26 வரையில் சேர்க்கைக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதன் இடத்துக்குப் புதுப் பாடத் திட்டங்கள் வருகின்றன. ஆகவே, சட்டம் உருமாறிக்கொண்டிருக்கும் சமயத்தில், எந்தக் கலாசாலையின் விளம்பரத்தையும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். "இந்தப் பட்டம் எந்தப் பதிவுக்குச் செல்லும்?" என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குவது நல்லது. சிகிச்சைத் தொழில்தான் வேண்டுமென்பதில்லை. பள்ளி ஆலோசகர், தொழிற்சாலைகளில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை, ஆராய்ச்சி, போதனை ஆகிய வழிகளும் இருக்கின்றன. பெரிய சம்பளம் எடுத்த எடுப்பில் கிடைக்குமென்று நாம் சொல்ல மாட்டோம்.

இனி, நமக்கு உண்மையில் மனக் குறையாயிருக்கும் விஷயத்துக்கு வருகிறோம். பந்தலூரிலிருந்து கூடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து மலையேறி உதகை. மறுபடி இறங்கிக் குன்னூர், மேட்டுப்பாளையம், கோயமுத்தூர். நீலகிரி ஜில்லாவுக்குரிய பாரதியார் சர்வகலாசாலை அங்கேதான் இருக்கிறது. மனோதத்துவப் பகுதியும் அங்கே உண்டு. தினம் போய் வருகிற காரியமல்ல; விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். இவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப வசதியோ மனமோ இல்லாதவர்களுக்கு இதுவரையில் ஒரு வாசல் திறந்திருந்தது. இக்னோ போன்ற திறந்த சர்வகலாசாலைகள் தபால் மூலம் மனோதத்துவத்தில் எம்.ஏ. நடத்தி வந்தன. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும், கைக்குழந்தைக்காரியும், பள்ளிக்கூட உபாத்தியாயினியும் வீட்டிலிருந்தபடி படிக்க முடிந்தது. 2025ம் வருஷம் ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் மனோதத்துவத்தைத் தபாலிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவு போட்டுவிட்டது. துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 2021ல் செய்த சட்டத்தின் கீழ் இந்தப் படிப்பும் வருகிறதாம்.

உத்தரவின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. நோயாளியின் எதிரில் ஒரு நாளும் உட்காராதவர் மனோதத்துவப் பட்டதாரியாகி வருவதில் அபாயம் உண்டு. கத்தி பிடிக்காமல் ரண வைத்தியம் கற்பது போன்றதுதான் அது. ஆனால் ஒரு வாசலை மூடுகிறவர்கள் இன்னொன்றைத் திறந்திருக்க வேண்டாமா? உதகையில் ஸர்க்கார் கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. மலை ஜில்லாவில் ஒரு முதுகலை மனோதத்துவ வகுப்பு, அதோடு பெண்களுக்கு விடுதி, பயிற்சிக்கு ஜில்லா ஆஸ்பத்திரி என்று ஏற்பாடு செய்வது ஸர்க்காருக்கு மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த உத்தரவினால் சிரமம் அதிகமில்லை. நஷ்டம் பந்தலூருக்குத்தான். அந்த நஷ்டமும் பெண்ணோடு முடிவதில்லை. ஏனென்றால் மனத்தை அறிந்தவர்கள் அவசியம் தேவைப்படுகிற இடங்களில் பந்தலூர் ஒன்று.

அங்கே வசிப்பவர்கள் யார் என்று பாருங்கள். 1964ல் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் ஆயிற்று. இலங்கை மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரண்டு பிரதம மந்திரிகள் கையெழுத்திட்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. அவர்களில் பல குடும்பங்கள் கூடலூர், பந்தலூர் காடுகளுக்கு வந்து, ஸர்க்கார் போட்ட தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து கிள்ளின. வேலை ஓய்ந்தால் லைன் வீடும் போய்விடுமே என்ற கவலை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்திருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய ஆதிக்குடிகள் தங்கள் சொந்தக் காட்டிலேயே கூலிகளானவர்கள். சமீப காலத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளிகளும் உண்டு. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே அவர்களில் ஒருவருடைய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள்.

உயிர்ச் சேதத்துக்கு ஸர்க்காரில் நஷ்ட ஈடு உண்டு; வாழை மரத்துக்கும் உண்டு. இராத்திரி முழுதும் கொட்டக் கொட்ட விழித்திருந்து காலையில் கொழுந்துக் கூடையைத் தூக்குகிறவளுக்கு எந்தத் தலைப்பில் ஈடு கொடுப்பது? அஸ்ஸாமில் யானைத் தொல்லைக்கு ஆளான கிராமங்களைச் சுஷ்ருத் ஜாதவ், மான் பருவா என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து 2012ல் எழுதினார்கள். கணக்கில் ஏறும் சேதத்துக்கு அடியில், அச்சம், குடி, கடன், விதவையின் தனிமை என்று கணக்கில் ஏறாத சேதம் மலைபோல் கிடக்கிறதென்று காட்டினார்கள். பந்தலூருக்கு அப்படி ஆராய்ந்து சொல்ல அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவர் வேண்டும்.

பாஷை என்றோம். இதுவே இந்தப் படிப்பில் இன்னும் தீராத வேலை. பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கிறது. தோட்டத்துப் பெண் "நெஞ்சு படபடங்குது, கை கால் ஓய்ஞ்சு போச்சு, சோறு இறங்கலை" என்பாள். புஸ்தகத்தில் உள்ள இங்கிலீஷ் வியாதிப் பெயரை அவள் ஜன்மத்தில் கேட்டிருக்க மாட்டாள். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தினால் மனம் நைந்தவர்களைக் கவனித்த வைத்தியர்கள் 'மனவடு' என்ற சொல்லை வழக்கில் கொண்டு வந்தார்கள். சொன்னவுடனே கிழவிக்கும் புரிகிறது. புத்தியை அளக்கும் சோதனைகளிலும் இதே சங்கடம். பிரான்ஸில் பினே 1905ல் செய்த சோதனையை வி. வி. காமத் என்பவர் 1940ல் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கேற்ப மாற்றினார். எழுத்தறியாதவர்களையும் சோதிக்கும்படி 1955ல் பாட்டியா கட்டைகளாலும் படங்களாலும் ஒரு தொகுதி செய்தார். அவை இன்றும் ஆஸ்பத்திரிகளில் புழங்குகின்றன. பணியக் குழந்தை ஒன்றை உட்கார வைத்து, அது பார்த்தேயிராத பொருளின் படத்தைக் காட்டி, பெயர் சொல்லவில்லையென்று 'மந்தம்' என எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! அந்தக் குழந்தை அடுப்புச் சாம்பலைப் பார்த்து நேற்று மழை எப்போது வந்ததென்று சொல்லக்கூடும். காலடியைப் பார்த்து யானை போன திசையைச் சொல்லக்கூடும். அதற்கு மதிப்பெண் கொடுக்கும் சோதனை இன்னும் யாரும் செய்யவில்லை.

கடிதம் எழுதிய அன்பருக்கு நம் யோசனை இதுதான்: பெண்ணுக்குக் கணக்கில் பயமில்லையென்றால், விடுதிச் செலவுக்கு வழி இருந்தால், கோயமுத்தூருக்கு அனுப்பலாம். தாயகம் திரும்பியவர் குடும்பமானாலும் ஆதிக்குடியானாலும் தாலூகா ஆபீஸ் சான்றிதழ்களை விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கடைசி நாளில் அலைந்தால் கிடைக்காது. கலியாணப் பேச்சைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடிதத்தின் ஓரத்தில், தோட்டத்தில் இன்னொரு வீட்டுப் பையன் ஆறு மாதமாக யாரோடும் பேசாமலிருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறார். அவனுக்குப் பட்டம் வாங்கி வருகிறவரையில் காத்திருக்க முடியாது. 2022 அக்டோபரில் மத்திய ஸர்க்கார் ஏற்படுத்திய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. பகலிலும் இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. லைன் வீட்டில் சிக்னல் எட்டாவிட்டால் மேட்டுக்கு ஏறிப் பேசச் சொல்லவும். பையன் வர மறுத்தாலும் அவன் தாயார் பேசலாம்.