எந்த ஊர் ‘ஆர் 4’?

கம்பம் பள்ளத்தாக்கில் 142 அடி என்றாலே முல்லைப் பெரியாறு அணை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம் அது. அதையே 43.28 மீட்டர் என்று எழுதினால் கூடலூர் டீக்கடையில் யாருக்கும் பிடிபடாது. திறந்துவிடும் தண்ணீர் கன அடியில், தோட்டம் ஏக்கரிலும் சென்ட்டிலும், திராட்சை கிலோவில், கட்டுக்கம்பி மில்லிமீட்டரில். மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும் இரண்டு முறைகளும் இங்கே சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை.

அந்தப் பழக்கம் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு: வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களின் சந்தை.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும் சின்னமனூர்ப் பக்கத்து வாழையும் விளைகிற பூமி இது. குளிர்பதன அறை இங்கே ஆடம்பரம் அல்ல. வாழைக்காயை 13, 14 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்து, ஒழுங்காகப் பழுக்காது. அறைச்சுவருக்கு வைக்கும் ‘பஃப்’ (பாலியூரித்தேன் நுரை) பேனல் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்பதைச் சொல்வது ‘ஆர்’ மதிப்பு. எண் கூடக்கூடத் தடுப்பும் கூடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ‘ஆர்’ இரண்டு நாட்டுக்காரன். அமெரிக்காவில் அது சதுர அடி, ஃபாரன்ஹீட், பி.டி.யு. கணக்கு. ஆஸ்திரேலியாவில் அதே எழுத்து சதுர மீட்டர், செல்சியஸ், வாட் கணக்கு. இரண்டு பொட்டலங்களிலும் அச்சாகியிருப்பது ‘ஆர் 4’தான். ஆனால் ஆஸ்திரேலிய ‘ஆர் 4’ அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 23.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது கடினமில்லை. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஒரு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் 1.8 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு வாட் மணிக்கு 3.412 பி.டி.யு. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் 5.678. மெட்ரிக் மதிப்பை இதனால் பெருக்கினால் அமெரிக்க மதிப்பு. காய்ச்சல் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சிலர் 32-ஐக் கூட்டப் போவார்கள். இங்கே பேசுவது வெப்பநிலையை அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. 32-க்கு வேலையே இல்லை.

வெளியே 38 டிகிரி, உள்ளே 14. சுவரும் கூரையுமாக 100 சதுர மீட்டர் பரப்பு. மெட்ரிக் ‘ஆர் 4’ இருந்தால் உள்ளே புகும் வெப்பம் 600 வாட். அமெரிக்க ‘ஆர் 4’ என்றால் 3,400 வாட். கூடுதலாகப் புகும் 2,800 வாட்டை வெளியேற்ற, இயந்திரம் ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு வெப்பத்தைத் தள்ளினாலும், நாளொன்றுக்குச் சுமார் 22 யூனிட் வீண்.

நியாயமாகச் சொன்னால், பேனல் விஷயத்தில் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மெட்ரிக் 4-க்குப் பஃப் 92 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அமெரிக்க 4-க்கு 16 போதும். 16 மில்லிமீட்டர் பலகையைக் குளிர்பதன அறைக்கு யாரும் தலையில் கட்ட முடியாது. குழப்பத்துக்கு இடம் இருப்பது வீட்டு மொட்டைமாடியில்தான்.

வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்காக 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. 150 மில்லிமீட்டர் வெறும் கான்கிரீட் தளத்தில் கடப்பது ஏறக்குறைய 3.3. ‘ஆர்’ இந்த எண்ணின் தலைகீழ் என்பதால், வரம்புக்குள் வர மெட்ரிக் ‘ஆர்’ இன்னும் 0.53 வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அது சரியாக 3. தெர்மாகோல் என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த மூன்றை மெட்ரிக் என்று நம்பி வாங்கினால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு லாபம், தேனி வெயிலுக்கு அவ்வளவு தேவையா என்று வீட்டுக்காரர் கேட்கப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 11-வது பிரிவு, நிர்ணயித்த அலகுகளில் அல்லாமல் விலைப்புள்ளி கொடுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் அலகே எழுதாத எண்ணை அந்தப் பிரிவின் கீழ் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆகவே ‘ஆர்’ மதிப்பு மட்டும் அச்சிட்ட கொட்டேஷனை ஏற்காமல் இருப்பதே நல்லது. பொருளின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், வெப்பக் கடத்துதிறன் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு வாங்கி, முதலாவதை மீட்டராக்கி இரண்டாவதால் வகுத்தால் மெட்ரிக் ‘ஆர்’ கிடைத்துவிடும். குளிர்பதன அறைக்கு மானியம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் இந்த இரண்டு எண்களுக்கும் தனிக் கட்டம் ஒதுக்கத் தோட்டக்கலைத் துறைக்குப் புதுச் சட்டமோ கூடுதல் செலவோ தேவைப்படாது.