எட்டும் தூரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும்!

காலை நேரத்தில் நமது சேரித் தெருவிலும் ஆலைக் குடியிருப்பிலும் நின்று பாருங்கள். ஒரு கையில் தூக்குச் சட்டி, மறு கையில் குழந்தையின் விரல். தாய் வேகமாக நடக்கிறாள். ஆறு வயதுக் குழந்தை ஓடுகிறது. ஏன் இந்த ஓட்டம்? நடவுக்குப் போகிறவள் ஏழு மணிக்கெல்லாம் சேற்றில் இறங்க வேண்டும். பள்ளிக்கூடமோ ஒன்பது மணி வாக்கில்தான் கூடுகிறது. குழந்தையை விட்டுவிட்டுப் போனால், "இன்று ஆள் போதும், நாளைக்கு வா" என்கிறார் மேஸ்திரி. பஞ்சாலைக்குப் போகும் தகப்பன் எட்டு மணி ஷிப்டுக்குப் பிந்தினால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறான். பள்ளிக்கூடம் தள்ளிப் போகும் ஒவ்வொரு பர்லாங்கும் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கப்படும் காசு!

இதை அறியாதவர்கள்தான், "ஏழைகள் குழந்தைகளைப் படிக்க அனுப்புவதில்லை" என்று பேசுகிறார்கள்.

பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லோருக்கும் இலவச, கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று 1950-ல் அரசியல் சட்டம் கூறியது. 1960 வந்தது, போயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ல்தான் அமுலுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை நடந்து போகும் தூரமாக ஒரு கிலோ மீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோ மீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது அதன் மத்திய விதி. பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு இலவச வாகன வசதி போன்ற ஏற்பாடு செய்வதும் சர்க்காரின் கடமை என்கிறது.

நடப்பது என்ன? 2025 ஜூனில் உத்தரப் பிரதேச சர்க்கார், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை வேறு பள்ளிகளுடன் இணைக்க உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, ஒரு கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ளவற்றை இணைக்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. அது எங்கோ வடக்கே நடந்தது என்று இருந்துவிட முடியுமா? 2019-ல் நமது மாநிலத்திலேயே, ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை என்று கூறி 46 பள்ளிகள் நூலகமாக்கப்பட்டன.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ஆங்கில மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. முழு உண்மை அல்ல. தனியார் பள்ளியின் வேன் காலையில் தெருமுனைக்கே வருகிறது. பிள்ளையை ஏற்றிவிட்டால் தாய் நேரத்தோடு வேலைக்குப் போகலாம். கடன் வாங்கிக் கட்டும் பணத்தில் ஒரு பங்கு படிப்புக்கு. மறு பங்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு! அந்த நேரத்தைச் சர்க்கார் பள்ளி கொடுக்கட்டும். பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

கொடுக்க முடியாதா? முடியும். 1953-ல் ராஜாஜி சர்க்கார் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகு என்றது. நாடு கொதித்தது, 1954-ல் காமராஜர் ஆட்சியில் அத்திட்டம் ஒழிந்தது. 1956-ல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் துவங்கிய காலை உணவு, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. சோறு போட்டபோது பிள்ளைகள் வந்தார்கள். காலையில் அடுப்பு எரியும் பள்ளியில், இன்னும் சற்று முன்னதாகக் கதவைத் திறந்து, சம்பளம் கொடுத்து ஓர் ஆயாவை வைப்பது மலையைப் புரட்டும் காரியமா?

ஆகவே நாம் கோருகிறோம்: பிள்ளைகள் குறைவு என்று எந்தப் பள்ளியையும் மூடாதே! தூரத்தை வரைபடத்தில் அளக்காதே, குழந்தை நடக்கும் பாதையில் அள! வாய்க்காலுக்குப் பாலமும் பாதைக்கு விளக்கும் போடு! வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளியை முன்னதாகத் திற! நிரந்தர ஆசிரியர்களை நியமி!

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளில் நாம் உட்கார வேண்டும். மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றியவுடன் கலைந்துவிடாமல் அங்கே சென்று இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதட்டும். இதுவும் கூலிப் பிரச்னைதான்!

நம்மில் பலருடைய பாட்டன் கைநாட்டு வைத்தான். நம் குழந்தை கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கையைப் பிடித்து நிதானமாக நடக்க, பெற்றவளுக்கு நேரம் வேண்டும். எட்டும் தூரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும். கேட்போம், ஒன்றுபட்டுப் பெறுவோம்!